நூலகப் பக்கம்: சித்திர நாவல்களுக்கு வழிகாட்டும் நூல்கள்



சென்ற திங்கள் நம் சங்க நூலகத்திற்கு உறுப்பினர் ஒருவர் இரண்டு பெட்டி நிறையப் படக்கதை நூல்களை அன்பளிப்பாக வழங்கினார். அவற்றை எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது நூலகக் குழுவில் இரு கட்சிகள் தோன்றின. படம் போட்ட நூலாதலின் சிறுவர் பகுதிக்கே உரியது என்றனர் ஒரு சாரார். தமிழ்ப் பாடநூலையே தொட மறுக்கும் பிள்ளைகளுக்கு இவை மேலும் ஒரு சாக்காகிவிடும், ஆகவே நூலகத்தினுள் வரவே வேண்டா என்றனர் மற்றொரு சாரார். அப்பெட்டியில் முதலாவதாக இருந்த நூலோ, நாஜிகளின் கொலைமுகாமிலிருந்து உயிர் தப்பிய ஒரு தந்தையின் வரலாறு. அதனை ஏழு வயதுச் சிறுவனிடம் கொடுப்பதும் தகாது. பொழுதுபோக்குக் குப்பை என்று தள்ளுவதும் தகாது. இரு கட்சியினரும் நூலைத் திறந்து பாராமலே வழக்காடினர் என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது.

இத்துறைக்கென்றே வழிகாட்டி நூல்கள் பல வெளிவந்துள்ளன. அவற்றுள் ஒன்றிரண்டேனும் நூலகத்தில் இருக்குமானால் இத்தகைய வழக்கு அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். அவை எவை, எது எதற்குப் பயன்படும் என்பதையே இம்மாதம் எழுதப் புகுந்தோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். படங்களின் வரிசையாலும் சொற்களாலும் ஒரு முழுக் கதையை நூல்வடிவில் சொல்லும் ஆக்கத்தை ஆங்கிலத்தில் ‘கிராஃபிக் நாவல்’ என்கின்றனர். நாம் இங்கே சித்திர நாவல் என்று வழங்குவோம். இச்சொல்லை 1964-ஆம் ஆண்டில் ரிச்சர்டு கைல் என்னும் அமெரிக்கர், ஆர்வலர்களுக்கிடையே சுற்றுக்கு விடப்பட்ட ஒரு சிறு மடலில் முதன்முதலாக எழுதினார். ஆயினும் 1978-இல் வில் ஐஸ்னர் வெளியிட்ட ‘எ கான்ட்ராக்ட் வித் காட்’ என்னும் நூலின் அட்டையில் அச்சொல் பொறிக்கப்பட்ட பின்னரே அது ஊரறிந்த பெயராயிற்று. இதனால் ஐஸ்னரே முதல் சித்திர நாவலை எழுதியவர் என்று பலரும் எழுதிவருகின்றனர். அஃது உண்மையன்று. 1976-ஆம் ஆண்டிலேயே அப்பெயரைத் தாங்கிய நூல்கள் சில வந்துவிட்டன. 1950-இல் ‘படநாவல்’ என்ற பொருள்படும் பெயருடன் ‘இட் ரைம்ஸ் வித் லஸ்ட்’ என்ற நூல் வந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், ஜெனீவா நகரத்துப் பள்ளி ஆசிரியர் ரோடால்ஃப் டாப்ஃபர் 1837-இலேயே படக்கதை நூலை அச்சிட்டுவிட்டார். மகாகவி கெதே அவருடைய கையெழுத்துப் படிகளைக் கண்டு பாராட்டியிருக்கிறார்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2004-இல் சார்நாத் பானர்ஜியின் ‘காரிடார்’ வெளிவந்தபோது அதுவே இந்தியாவின் முதல் சித்திர நாவல் என்று விளம்பரம் செய்தனர். நருமதை அணையினால் வாழ்விடம் இழந்த மக்களைப் பற்றி ஒரிஜித் சென் வரைந்த ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ 1994-லேயே வெளிவந்திருந்தது. பத்தாண்டு மூத்த நூலை மறக்கடிக்க ஒரு விளம்பரம் போதுமானதாக இருந்தது. வரலாற்று நூல் ஒருவர் கையில் இருந்திருந்தால் அது நடவாது. அந்நூல் 2022-இல் சென்னையிலுள்ள பிளாஃப்ட் பதிப்பகத்தாரால் மறுபதிப்புக் கண்டது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

நிற்க. வழிகாட்டி நூல்கள் இருவகைப்படும். ஒருவகை வரலாறும் இலக்கணமும் சொல்வது. மற்றது இவையிவை சிறந்தவை என்று பட்டியலிடுவது. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்குகிறது. முன்னது பாதைகளின் வரைபடம் போன்றது, பல்லாண்டு பயன்படும். பின்னது கால அட்டவணை போன்றது. அச்சான ஆண்டைப் பார்த்தே கையில் எடுக்க வேண்டும்.

வரைபட வகையில் தலைசிறந்தது 1993-இல் ஸ்காட் மெக்ளவுட் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’. இதன் புதுமை யாதெனில், படக்கதையைப் பற்றிய இவ்வாராய்ச்சி நூலே ஒரு படக்கதையாக வரையப்பட்டிருப்பதுதான். கண்ணாடியணிந்த ஓர் எளிய உருவமாக ஆசிரியர் தம்மையே வரைந்துகொண்டு, பக்கத்துக்குப் பக்கம் நம்மோடு பேசிக்கொண்டே நடக்கிறார். எகிப்தியச் சுவரோவியங்களையும், நார்மானியப் படையெடுப்பைச் சித்திரிக்கும் பேயோ நகரத்துத் துணிச்சித்திரத்தையும் முன்னிறுத்தி, படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்லுதல் மாந்தர்க்குப் பழைய பழக்கமே என்று நிறுவுகிறார்.

இந்நூலின் உயிர்நிலை, இரு கட்டங்களுக்கு இடையே விடப்படும் வெள்ளை இடைவெளியைப் பற்றிய பகுதி. ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். எதிரே நிற்பவன் அஞ்சுகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேரத்து நகரமும் ஓர் அலறலும் மட்டுமே. கோடரி வீழ்ந்ததை ஓவியர் வரையவில்லை. வீழ்த்தியவர் வாசகரே என்கிறார் மெக்ளவுட்! வரையப்படாத அவ்விடத்தில் வாசிப்பவரின் மனம் உழைக்கிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் முறைகளை ஆறாக வகுத்து, அமெரிக்கப் படக்கதைகளில் செயலிலிருந்து செயலுக்குத் தாவுதல் மிகுதி என்றும், ஜப்பானியப் படக்கதைகளில் ஓரிடத்தின் வெவ்வேறு கோலங்களை நின்று காட்டும் தாவல் கணிசமாக உண்டு என்றும் எண்ணிக் காட்டுகிறார். படம் பார்ப்பது சோம்பேறியின் வாசிப்பு என்று கருதும் பெற்றோர் இவ்வொரு பகுதியைப் படித்தாலே போதும். பிள்ளையின் மூளை அங்கே சும்மா இருக்கவில்லை என்பது புலனாகும். ஆங்கிலமும் எளியது. எட்டாம் வகுப்பு மாணவரும் படிக்கலாம். மெட்ரிகுலேஷனோடு நின்ற நாமும் தடையின்றிப் படித்தோம்.

வில் ஐஸ்னரே 1985-இல் எழுதிய ‘காமிக்ஸ் அண்டு சீக்வென்ஷியல் ஆர்ட்’ இதற்கு முன்னோடி. ஆனால் அது வரைய விரும்புவோர்க்கான கைந்நூல். வீட்டில் ஓவியம் பழகும் பிள்ளை இருந்தால் அதனை வாங்கலாம்.

வரலாற்று நூல்களுள் ரோஜர் சேபின் 1996-இல் எழுதிய ‘காமிக்ஸ், காமிக்ஸ் அண்டு கிராஃபிக் நாவல்ஸ்’ படங்கள் நிறைந்தது. பெயரிலுள்ள இரு ‘காமிக்ஸ்’களில் ஒன்று வணிக இதழ்கள், மற்றது 1960-களில் தோன்றிய எதிர்ப்புக் குரலுடைய இளைஞர் வெளியீடுகள். 2018-இல் வந்த கேம்பிரிட்ஜ் வரலாறு பேராசிரியர் பலர் சேர்ந்து எழுதியது; பல்கலைக்கழக மாணவர்க்கே பொருந்தும். நம் நூலகத்தின் நிதி நிலைக்கும் அது ஒவ்வாது.

இவ்வரலாறுகளைப் படிக்கையில் நமக்கு ஏற்பட்ட தனிப்பட்ட இன்பம் ஒன்று உண்டு. நம் தலைமுறையினரும் நமக்கு மூத்தோரும் அறிந்த இரும்புக்கை மாயாவியை மறந்தவர் யார்? 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் அவரே. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் வானில் மிதக்கும் அம்மனிதரை நாம் சிவகாசிக்காரர் என்றே எண்ணியிருந்தால் வியப்பில்லை. அவர் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற வார இதழில் 1962-இல் தோன்றியவர். அங்கே பெயர் லூயிஸ் கிராண்டல். வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். ஸ்பானியர் வரைய, ஆங்கிலேயர் எழுத, சிவகாசியார் தமிழாக்க, மதுரையிலும் திருநெல்வேலியிலும் பிள்ளைகள் போட்டியிட்டுப் படித்தனர். 1984-இல் பிறந்த லயன் காமிக்ஸில் நாம் கண்ட டெக்ஸ் வில்லர் இத்தாலியர். 1948-லிருந்து அங்கே வெளிவருபவர். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம் மட்டும் அல்லர் போலும்.

இனிச் சிறந்த நூல்களின் பட்டியல்கள். 2005-இல் பால் கிராவெட் எழுதிய ‘கிராஃபிக் நாவல்ஸ்: ஸ்டோரீஸ் டு சேஞ்ச் யுவர் லைஃப்’ நாம் முதலிடம் கொடுப்பது. படக்கதையை வெறுப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களையெல்லாம் தொகுத்து விடை சொல்வதே அதன் முதல் இயல். பின்னர் முப்பது நூல்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரிப் பக்கங்களை அச்சிட்டு, கவனிக்க வேண்டியது எது என்று அருகே குறிப்பெழுதி, அதனை விரும்பியவர் அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சுட்டுகிறார். நூலகப் பொறுப்பாளர்க்கு ஓர் எச்சரிக்கை: இதே நூல் அமெரிக்காவில் ‘எவ்ரிதிங் யு நீட் டு நோ’ என்ற துணைப்பெயருடன் வந்தது. இரண்டும் வேறு நூல்கள் என்று எண்ணி இருமுறை பணம் செலுத்திவிட வேண்டா.

2008-இல் வந்தவை இரண்டு. ஜீன் கானன்பர்க்கின் ‘500 எசென்ஷியல் கிராஃபிக் நாவல்ஸ்’ துப்பறிதல், போர், நகைச்சுவை, உண்மை வரலாறு என்று வகைப்படுத்தி, எவ்வயதினர்க்கு ஏற்றது என்ற குறிப்பையும் தருகிறது. பெற்றோர்க்கு இதுவே பயன் மிகுந்தது. டேனி ஃபிங்கரோத்தின் ‘ரஃப் கைடு’ அறுபது நூல்களோடு நிறுத்திக்கொள்கிறது. 2011-இல் கிராவெட்டையே பதிப்பாசிரியராகக் கொண்டு ‘1001 காமிக்ஸ்’ என்ற பெருநூல் கால வரிசையில் வந்தது. நூறாயிரம் பேர் வாழும் ஊரில் எல்லாரும் நல்லவர் என்று சொல்வது போல, ஆயிரத்தொரு நூல்களும் சிறந்தவை என்றால் வாங்குபவர்க்கு என்ன வழி பிறக்கும்? ஆயினும் பிற நாடுகளில் என்னென்ன வந்துள்ளன என்று தேடிப் பார்ப்பதற்கு அது உதவும்.

பட்டியலின் ஆண்டைப் பார்க்க வேண்டும் என்றோமல்லவா? அதற்கு ஒரு சான்று. ஆஸ்திரேலியரான ஷான் டான் 2006-இல் வெளியிட்ட ‘தி அரைவல்’ கிராவெட்டின் முப்பதில் இல்லை, இருக்கவும் முடியாது. நம் வீடுகளுக்கோ அதனினும் உரிய சித்திர நாவல் வேறொன்று இல்லை. மனைவியையும் மகளையும் விட்டு ஒருவன் கப்பலேறிப் பெயர் தெரியாத நகரத்தில் வந்திறங்குகிறான். நூலில் ஒரு சொல்லும் கிடையாது. அந்நகரத்துப் பலகைகளில் உள்ள எழுத்துகளோ ஆசிரியர் தாமே புனைந்தவை. உலகில் எவராலும் படிக்க இயலாதவை. எந்த மொழியினராயினும் அந்நூலைத் திறந்தவுடன் எழுத்தறியாதவராகிவிடுகிறார். நம் தந்தையர் பிழைப்புத் தேடி இவ்வூர் நிலையத்தில் இறங்கியபோது நாகரி எழுத்துப் பலகையை அண்ணாந்து பார்த்து நின்ற நிலை அதுவே. அவனுக்கு இருப்பிடம் கிடைப்பதும், புதுவகைக் காயைக் கண்டு அஞ்சுவதும், தனக்கு முன் வந்தவர்கள் தத்தம் கதையைச் சொல்வதும் படத்தாலேயே நடக்கின்றன. எழுத்துக் கூட்டும் பேரனும் தமிழன்றிப் பிறமொழி அறியாத பாட்டியும் ஒன்றாக அமர்ந்து பார்க்கக்கூடிய நூல் இஃதொன்றே என்று துணிந்து கூறுவோம். பாட்டி சொல்லும் கதை தமிழிலேயே இருக்கும் என்பது கூடுதல் ஆதாயம்.

ஐஸ்னரின் 1978-ஆம் ஆண்டு நூலும் குடிபெயர்ந்தோர் கதையே. நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஓர் அடுக்குக் குடியிருப்பில் நிகழும் நான்கு கதைகள். ஐஸ்னரும் அவ்வாறு குடியேறியவர்களின் மகனே. நம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுச் சண்டை நான்கு வீட்டுக்குக் கேட்பதை அறிந்தவர்க்கு அந்நூல் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அது பெரியோர்க்குரியது என்பதை நினைவிற் கொள்க.

இனி, படக்கதை நூலகத்தினுள் வரவே வேண்டா என்ற கட்சியினர்க்கு நாம் பரிந்துரைப்பது 2008-இல் டேவிட் ஹஜ்டு எழுதிய ‘தி டென்-சென்ட் பிளேக்’. அமெரிக்காவில் 1940-களின் இறுதியில் ஊர்கூடிப் படக்கதைகளைத் தெருவில் எரித்ததையும், 1954-இல் செனட் குழு விசாரணை நடத்தியதையும் அது விரிவாகச் சொல்கிறது. அவ்வாண்டிலேயே மனநோய் மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தம் ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்’ என்ற நூலை எழுதி, சிறார் குற்றங்களுக்குப் படக்கதையே காரணம் என்றார். வெர்தம் தீயவர் அல்லர். ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு மனநல மருத்துவமனை நடத்திய நல்லவர். ஆயினும் அவர் குறிப்பேடுகள் 2010-இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்ட பின்னர், கேரல் டில்லி என்னும் பேராசிரியை அவற்றை நூலோடு ஒப்பிட்டு, சிறுவர்களின் வாக்குமூலங்களை வெர்தம் தம் கருத்துக்கு ஏற்பத் திருத்தியும் சேர்த்தும் எழுதியிருந்தார் என்று 2012-இல் வெளிப்படுத்தினார். அதற்குள் என்ன ஆயிற்று? 1954-இல் பதிப்பாளர்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டு விதிகளால் பல இதழ்கள் மூடப்பட்டன. ஓவியர் பலர் தொழிலை இழந்தனர். எஞ்சியவை உண்மையிலேயே குழந்தைத்தனமாயின. படக்கதை சிறுவர்க்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவ்வெண்ணத்தைப் பெரிதும் அசைத்த நூல்தான் நம் பெட்டியில் முதலில் இருந்த ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’. 1986-இலும் 1991-இலும் இரு பாகங்களாக வந்து, 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. யூதர்கள் எலிகளாகவும் நாஜிகள் பூனைகளாகவும் வரையப்பட்டிருப்பதனால் அட்டையைப் பார்ப்பவர் குழந்தைக் கதை என மயங்குவர். 2022 சனவரியில் டென்னஸீ மாநிலத்தில் ஒரு மாவட்டப் பள்ளிக் குழு அதனை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. அதன் விளைவாக நூல் முன்னினும் பன்மடங்கு விற்றது.

மேற்கூறிய பட்டியல்கள் இலண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்துகொண்டு தொகுக்கப்பட்டவை. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய நூல்களுக்கே அவற்றில் இடம் மிகுதி. இந்தியாவைப் பற்றி அறிய வேறு நூல்களை நாட வேண்டும். 1967-இல் அனந்த் பாய் தொடங்கிய அமர் சித்திரக் கதையைப் பற்றி நந்தினி சந்திரா 2008-இல் ‘தி கிளாசிக் பாப்புலர்’ என்ற நூலையும், கார்லைன் மக்லைன் 2009-இல் ‘இந்தியாஸ் இம்மார்ட்டல் காமிக் புக்ஸ்’ என்ற நூலையும் எழுதினர். புராணத்தையும் வரலாற்றையும் பிள்ளைகளுக்கு ஊட்ட நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுத்த அவ்விதழ்களில் எவர் வீரராக வரையப்பட்டார், எவர் கரிய நிறத்து அசுரராக வரையப்பட்டார், பெண்கள் எவ்வாறு காட்டப்பட்டனர் என்று இவ்விரு நூல்களும் கேட்கும் கேள்விகள் சில அன்பர்க்குக் கசக்கலாம். கசப்பினும் படிக்கத் தக்கவை. அண்மைக்கால நாவல்களுக்கு, பிரமோத் நாயர் 2016-இல் எழுதிய ‘தி இந்தியன் கிராஃபிக் நாவல்’ உண்டு. நடை சற்றுக் கடினம். அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் தம் மரபுக் கோலத்திலேயே வரைந்த ‘பீமாயனா’ 2011-இல் வெளிவந்தது. அதில் சதுரக் கட்டங்களே இல்லை. மெக்ளவுட்டின் இடைவெளிக் கொள்கையைப் படித்துவிட்டு இதனைத் திறப்பவர்க்கு நல்ல விவாதம் ஒன்று காத்திருக்கிறது.

நூலகக் குழுவிற்கு நாம் எழுதிக் கொடுத்துள்ள பரிந்துரை இது: இவ்வாண்டு மெக்ளவுட், கானன்பர்க் ஆகிய இருவர் நூல்களையும் வாங்குக. கானன்பர்க்கின் நூல் பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் கொள்க. அன்பளிப்பாக வந்த ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் வயதுக் குறிப்பைப் பென்சிலால் எழுதுக. கானன்பர்க்கில் இல்லாத நூல்களை உறுப்பினர் இருவர் படித்து முடிவு செய்க. ‘தி அரைவல்’ நூலை இரண்டு படிகளாக வாங்குக. ஒன்று விரைவில் கிழிந்துவிடும்.

மற்றொரு வேண்டுகோள். பழைய முத்து, லயன் இதழ்களைப் பரண்மேல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. இதழின் எண், வந்த ஆண்டு, கதையின் தமிழ்ப் பெயர், அதன் அயல்நாட்டு மூலப் பெயர், வரைந்தவர் என்று ஐந்து பத்திகள் கிழித்து ஒரு பேரேடு தொடங்கியுள்ளோம். முதல் வரியில் இரும்புக்கை மாயாவி பதிவாகியிருக்கிறார். இதழ்களை ஞாயிறு மாலையில் நூலகத்திற்குக் கொண்டுவந்தால் குறித்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். அட்டை கிழிந்திருந்தாலும் குற்றமில்லை. எண் தெரிந்தால் போதும்.